புதைத்த கலியாணப் பத்திரம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கதை முடிந்தபிறகு யாராவது வந்து, "உம்மிலயும் பிழை இருக்குத்தானே" என்பார்கள். இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

1987 ஆவணி மாதம் கொப்பன்ஹேகனில் யூதப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பெடெலுக்கு உதவியாள். பெடெல் என்றால் பள்ளிக்கூடத்துக் கதவுத் திறப்புகள் முழுவதையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, குழாய் ஒழுகினாலும் யன்னல் உடைந்தாலும் ஓடுகிறவர். எங்கள் பெடெலின் பெயர் சுவெண். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு நாளைக்கு ஏழு வசனம் பேசுவார். மிச்சத்தை நான் பேசினேன்.

என் பெயர் ஞானரட்ணம். முதல் நாளே எட்டு வயதுப் பிள்ளை ஒன்று வந்து, "ஞானா, என்ரை பந்து கூரையில கிடக்கு" என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே பிள்ளை தலைமை ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது என்பதைக் கண்டபிறகு அடங்கினேன். அவர்கள் டேனிஷில் பேசியதை எல்லாம் இங்கே எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். மரியாதையையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். என் கதையில் எனக்கு இந்த உரிமைகூட இல்லையா?

பள்ளிக்கூட வாசலில் எந்நேரமும் ஒரு காவலாளி நிற்பார். குசினியில் இறைச்சிச் சட்டிகள் கழுவ ஒரு தொட்டி, பால் சட்டிகள் கழுவ இன்னொரு தொட்டி. கரண்டி இடம் மாறினால் சமையல்காரி தலையில் கை வைத்துவிடுவாள். புதிதாக வந்த டேனிஷ்காரர்கள் இதைப் பார்த்து முழிப்பார்கள். நான் முழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டியை மீன் சட்டியோடு சேர்த்துக் கழுவினால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

எபிரேய மொழியும் சமயமும் படிப்பித்தவர் ராகேல். ஐம்பது வயதை நெருங்கிய, கட்டையான பெண்மணி. குரல் மட்டும் மூன்று மாடிக்கும் கேட்கும். அவரை 'ரீச்சர்' என்று கூப்பிட்ட ஒரே ஆள் நான்தான். அவருக்கு அது பிடித்திருந்தது. புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்துகளைக் காட்டும்போது, மட்டையில் எழுதிய எழுத்தின்மேல் தேனைப் பூசி நக்கச் சொல்வார். படிப்பு இனிக்க வேண்டுமாம். பன்னிரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு எழுத்து, ஒரு முழுப் போத்தல் தேன். மேசை, கதிரை, கதவுப்பிடி, ஒரு பிள்ளையின் தலைமயிர் எல்லாவற்றையும் துடைத்தவன் நான்.

"ரீச்சர், எங்கட ஆக்கள் அரிசியில எழுதுவிப்பினம். கூட்டி அள்ளினால் வேலை முடிஞ்சுது" என்றேன்.

"அரிசி இனிக்குமே?" என்று கேட்டார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவருடைய வகுப்பறை மூலையில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. வேலைக்கு வந்த முதல் கிழமை, அது நிறையக் கிழிந்த கடதாசிகளைக் கண்டு, குப்பை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். ராகேல் ரீச்சர் போட்ட சத்தத்தில் காவலாளியே ஓடி வந்துவிட்டார். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். கடவுளின் பெயர் எழுதிய எதையும் அவர்கள் குப்பையில் போடுவதில்லை. கிழிந்துபோன செபப் புத்தகம், பிள்ளைகள் பிழையாக எழுதிய தாள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போகும். பெட்டி நிறைந்ததும் மனிதரைப் புதைப்பதுபோல மயானத்தில் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பெயர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் பெட்டிக்குள்தான் போட வேண்டும். இதை அவர் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு வருடமும் படிப்பித்தார். நல்லாய்த்தான் படிப்பித்தார். என் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

என் மனைவி செல்வமலர் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். மகள் தனுசியாவும் அங்கேதான். மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது நான் வெளிக்கிட்டேன். இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டபிறகு, 1987 மாசியில் இருவரையும் கூப்பிட மனுப் போட்டேன். சட்டப்படி அது என் உரிமை என்று எல்லோரும் சொன்னார்கள். மாதம் ஒருமுறை மனுக்களைப் பார்க்கும் குடிவரவுக் கந்தோருக்குத் தொலைபேசி எடுப்பேன். "உங்கட விசயம் பரிசீலனையில இருக்கு" என்று ஒரே குரல் ஒரே வசனத்தைச் சொல்லும். ஹேர்னிங்கில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்த என் சிநேகிதன் நீக்கிலாஸுக்கும் அதே வசனம். ரண்டர்ஸ் நகரில் இருந்த தமிழருக்கும் அதே வசனம். இரண்டு வருடம் இப்படியே போனது.

1989 தை முடிந்து கொஞ்ச நாளில், பெயர் மட்டும் கையால் நிரப்பிய ஓர் அச்சுக் கடிதம் வந்தது. கலியாணப் பதிவுப் பத்திரத்தின் மூலப் பிரதியை சித்திரை மாதம் பதினான்காம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காட்டாவிட்டால் மனுவை மூடிவிடுவார்களாம். எங்கள் வீட்டில் இருந்த பத்திரம் வீட்டோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது. நல்லகாலம், இப்படி ஒன்று வரும் என்று நீக்கிலாஸ் முதலே எச்சரித்ததால் செல்வமலர் போன வருடமே அரசாங்கக் கச்சேரிக்கு அலையத் தொடங்கியிருந்தாள். ஆறு தரம் நடந்து, ஏழெட்டு மாதம் காத்திருந்து, முத்திரை குத்திய புதுப் பிரதி ஒன்றை எடுத்துப் பதிவுத்தபாலில் அனுப்பினாள். அது என் கைக்கு வந்தது சித்திரை பத்தாம் திகதி திங்கட்கிழமை.

பத்திரத்தைச் சுற்றி ஒரு கடிதமும் மடித்திருந்தது. "கவனமாய் வைத்திருங்கோ. இதையும் துலைத்தால் ஏழாந்தரம் நடக்க என்னால் ஏலாது. அங்கேயே யாரையாவது பார்த்துக் கட்டுங்கோ" என்று எழுதியிருந்தாள். கோபத்தில் அவள் எனக்கு ஒரு படி மேல்.

புதன்கிழமை அரைநாள் லீவு கேட்டு வைத்திருந்தேன், கந்தோருக்குப் போவதற்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடிதத்தையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ராகேல் ரீச்சரின் வகுப்பறையில் போய் இருந்தேன். அங்கேதான் சுவரில் பூட்டிய சூடாக்கி நல்லாய் வேலை செய்யும். வெளியே மழை என்பதால் பிள்ளைகளும் உள்ளே நின்றார்கள். நோமி என்று ஒருத்தி, எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை, கேள்விகளுக்குப் பஞ்சம் இல்லை. வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உது என்ன எழுத்து? எல்லாம் வட்டம் வட்டமாக் கிடக்கு."

"தமிழ். என்ரை மனிசி எழுதின கடிதம்."

"மேல தனிய நிக்கிறது என்ன?"

"அது பிள்ளையார் சுழி. அதுக்குக் கீழ சிவமயம். கடவுளின்ரை பேர். எங்கட ஆக்கள் என்ன எழுதினாலும் முதல்ல அதைத்தான் எழுதுவினம்."

"கடைச் சாமான் பட்டியலுக்கும் எழுதுவினமோ?"

"ஓம், அதுக்கும் எழுதுவினம்."

அவள் யோசித்துக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்து நிலவறையில் தண்ணீர்க்குழாய் வெடித்து, சுவெண் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பத்திரத்தைக் கடிதத்துக்குள் வைத்து மடித்து, வேலைச் சட்டைப் பைக்குள் திருகாணிச் சாவியோடு சேர்த்துச் செருகிக்கொண்டு ஓடினேன். இரண்டு மணித்தியாலம் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு, நனைந்த சட்டையை அலுமாரியில் கொழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். பையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்ற புத்தி வரவில்லை.

புதன்கிழமை காலை பைக்குள் கையை விட்டேன். சாவி மட்டும்தான் இருந்தது.

அலுமாரியைக் கவிழ்த்தேன். நிலவறையில் தேடினேன். ஏழாந்தரம் நடக்க ஏலாது என்று அவள் எழுதியது தலைக்குள் சுற்றியது. வெள்ளிக்கிழமைக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொன்று வராது. வெள்ளிக்கிழமை போனால் மனு போனது. மனு போனால் இனிப் புதிதாகப் போட்டு, இன்னும் எத்தனை வருடம்? அப்போதுதான் சுவெண் குப்பைச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு முற்றத்தால் போனார். எனக்கு அது போதும்.

"நேற்று என்னத்தை எல்லாம் அள்ளி எறிஞ்சனீர்?" என்று முற்றத்தில் நின்று கத்தினேன். "என்ரை மனிசின்ரை கடிதம்! என்ரை கலியாணப் பத்திரம்! கண்டது நிண்டதை எல்லாம் பார்க்காமல் எறியிறதே உமக்கு வேலையாப் போச்சு!"

இன்னும் சொன்னேன். அதை எழுத மாட்டேன். சுவெண் பெரிய குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் கவிழ்த்தார். பிறகு அந்த ஆறடி மனிதர் ஈரத்தில் முழங்காலில் இருந்து, வாழைப்பழத் தோல்களையும் பால் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். அதைக் கண்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நானும் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

மேலே யன்னலைத் திறந்து ராகேல் ரீச்சர், "கீழ என்ன கூத்து நடக்குது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வகுப்பின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அடுத்த நிமிடம் அவருடைய தலைக்குப் பக்கத்தில் நோமியின் தலை முளைத்தது. முன்பல் இல்லாத சிரிப்பு.

"ஞானா, அது பத்திரமா இருக்கு! நான்தான் எடுத்து வைச்சனான்!"

ஓடினேன். மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"எங்க வைச்சனீர், பிள்ளை?"

"கதவடியில விழுந்து கிடந்தது. ஆக்கள் சப்பாத்தால மிதிச்சுப்போட்டினம். கடவுளின்ரை பேர் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதான் கொஞ்சிப்போட்டுப் பெட்டிக்குள்ள போட்டனான்."

எல்லோரும் மூலையைப் பார்த்தோம். பெட்டி வெறுமையாக இருந்தது. பெஸாக் பண்டிகைக்கு இன்னும் ஒரு கிழமை. அதற்கு முதல் எல்லா மூலையும் துப்புரவாக வேண்டும் என்று, பள்ளிக்கூடம் முழுக்கச் சேர்ந்த அந்த வருடத்துக் கடதாசிகளைச் செவ்வாய்க்கிழமை பின்னேரமே சாக்குகளில் கட்டி மயானத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் நிலவறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நேரம் என் கலியாணப் பத்திரத்துக்கு அடக்கம் நடந்து முடிந்திருந்தது.

எனக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை படிப்பித்ததை அப்படியே செய்திருக்கிறது. ரீச்சர் படிப்பிக்க வேண்டியதைப் படிப்பித்திருக்கிறார். கடவுளின் பெயர் என்று சொன்னவன் நான்.

பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன், "அது எங்கட கடவுளின்ரை பேர் இல்லையே. எங்கட பெட்டிக்குள்ள ஏன் போட்டனீ?" என்று நோமியைக் கேட்டான்.

நோமி இடுப்பில் கை வைத்தாள். "கடவுள் ஒராள்தான் எண்டு ரீச்சர் போன கிழமைதானே படிப்பிச்சவ? பிறகென்ன எங்கட, உங்கட?"

ராகேல் ரீச்சர், "அதைப் பற்றிப் பெஸாக் முடிய யோசிப்பம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசி இருக்கும் அறைக்கு நடந்தார். பதினான்கு பிள்ளைகளும் நானும் பின்னால் போனோம்.

புதைத்ததைத் திரும்பத் தோண்டலாமா என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் அவர்களுடைய ராபி, சமயகுரு. ராகேல் ரீச்சர் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். ராபியின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அந்த மனிசன்ரை பெண்சாதி எங்க?"

"யாழ்ப்பாணத்தில."

"பிரிஞ்சு எவ்வளவு காலம்?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். "நாலு வருசம்" என்றேன்.

"ராகேல், இதுக்கு ஏன் எனக்குப் போன் எடுத்து நேரத்தை வீணாக்கிறீர்? புருசன் பெண்சாதிக்கு நடுவில சமாதானம் வரவேணும் எண்டால் என்ரை பேரையே தண்ணியில கழுவி அழியுங்கோ எண்டு சொன்னவர் கடவுள்தான். நாலு பிடி மண்ணைக் கிண்டினால் கோவிக்கப்போறாரே? மண்வெட்டியைத் தூக்கும்!"

ராகேல் ரீச்சர் தொலைபேசியை வைத்தார். பிள்ளைகளின் பக்கம் திரும்பி, அந்த மூன்று மாடிக் குரலில், "கேட்டனீங்கள்தானே? இண்டைக்குப் பாடம் இதுதான். சப்பாத்தைப் போடுங்கோ" என்றார்.

பஸ்ஸில்தான் போனோம். பதினான்கு பிள்ளைகள், ஒரு ரீச்சர், ஆளுக்கொரு மண்வெட்டியோடு சுவெண்ணும் நானும். எங்கே இறங்க வேண்டும் என்று சாரதி கேட்டார். "மயானத்தடியில" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சந்தோசமாகச் சொன்னார்கள். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே ஓட்டினார்.

மயானத்தின் ஒரு ஓரத்தில் மண் புதிதாகக் குவிந்திருந்தது. முதல் நாள்தான் மூடியது என்பதால் தோண்டுவது கஷ்டமில்லை. சுவெண் இரண்டு வெட்டு வெட்டினால் நான் ஐந்து வெட்டு வெட்டினேன், ஆனால் பள்ளம் அவருடைய பக்கத்தில்தான் ஆழமாகியது. ஆறு சாக்குகள் வெளியே வந்தன. பழைய படங்குச் சீலைகளை விரித்து, பிள்ளைகளைச் சுற்றி இருக்கவிட்டு, ஒவ்வொரு சாக்காக அவிழ்த்தோம்.

என் பொறுமைக்கு அன்று வந்த சோதனை வேறு எவனுக்கும் வரக் கூடாது. கையிலிருந்து ஒரு தாள் நிலத்தில் விழுந்தால் அதை எடுத்து முத்தமிட்டுக் கொஞ்ச வேண்டும் என்பது அவர்களுடைய பழக்கம். பதினான்கு பிள்ளைகளின் கைகளிலிருந்தும் தாள்கள் மழைபோல விழுந்தன. பதினான்கு பேரும் ஒன்று விடாமல் கொஞ்சினார்கள். இடையில் காற்று வந்து ஏழெட்டுத் தாள்களைத் தூக்கிக்கொண்டு போக, எல்லோரும் கல்லறைகளுக்கு நடுவே துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஓடிப் பிடித்துவந்து திரும்பவும் கொஞ்சினார்கள். "கெதியாப் பாருங்கோ, பிள்ளையள்!" என்று கத்த வாயெடுத்தபோது என் கையிலிருந்தே ஒரு செபப் புத்தகம் நழுவிக் காலில் விழுந்தது. யோசிக்காமல் குனிந்து எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"அது என்ன செய்தனீங்கள்?" என்றாள் நோமி.

"நீங்கள் கொஞ்சுவியள். நாங்கள் கண்ணில ஒத்துவம். புத்தகத்தில கால் படக்கூடாது."

அதற்குப் பிறகு அரைவாசிப் பிள்ளைகள் கொஞ்சிவிட்டுக் கண்ணிலும் ஒற்றத் தொடங்கினார்கள். வேலை இரட்டிப்பு நேரம் எடுத்தது. என் வாயால் நானே கெட்டேன்.

நாலு சாக்கு முடிந்தது. இல்லை. ஐந்தாவதில் பாதி முடிந்தது. இல்லை. செல்வமலருக்கு என்ன எழுதுவேன்? சமயப் பாடம் படித்த பிள்ளை ஒன்று உன் பத்திரத்தை மரியாதையாக அடக்கம் செய்துவிட்டது என்றா? ராகேல் ரீச்சர் தன் கையுறைகளைக் கழற்றி என்னிடம் தந்தார். அவரும் அழப்போகிறார்போல் இருந்தது.

"இதில வட்டம் வட்டமாக் கிடக்கு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

சுவெண். எபிரேயமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஆறாவது சாக்கைத் தனியே இருந்து கிளறிக்கொண்டிருந்தவர், இரண்டு விரலால் ஒரு கடதாசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். காலையில் நான் யாரைக் கண்டபடி பேசினேனோ அந்த மனிதர். வாங்கிப் பிரித்தேன். கடிதத்துக்குள் பத்திரம் அப்படியே இருந்தது. மூலையில் கொஞ்சம் ஈரம், குறுக்கே கடிதத்தைத் தாண்டி ஊறிப் பதிந்த ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து அடையாளம். பெயர்களும் முத்திரையும் துலக்கமாகத் தெரிந்தன. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அழுதேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"காலமை பேசினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சுவெண்" என்றேன்.

"கோப்பி வாங்கித் தாரும்" என்றார் அவர்.

நோமி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "பத்திரத்தில கடவுளின்ரை பேர் இல்லை, சரி. கடிதத்தில இருக்கே? அதைத் திரும்ப உள்ள வைக்கவேணும்."

"அது பழசில்லை, பிள்ளை."

"இன்னும் பாவிக்கிறியளோ?"

"ஒவ்வொரு நாளும்."

"அப்ப வைச்சிருங்கோ" என்று எனக்கு அனுமதி தந்தாள். சாக்குகளைத் திரும்பக் கட்டி, பள்ளத்தில் வைத்து, எல்லோருமாக மண் போட்டு மூடினோம். ராகேல் ரீச்சர் இரண்டாந்தரமும் செபம் சொன்னார்.

அடுத்த நாள் காலை கந்தோர் திறக்கும்போது வாசலில் நின்ற முதல் ஆள் நான்தான். ஒரு இளம் பெண் பத்திரத்தை வாங்கினாள். சப்பாத்து அடையாளத்தைப் பார்த்தாள். ஒட்டியிருந்த மண்ணை முகர்ந்தும் பார்த்தாள். "இது எங்க இருந்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த டேனிஷில் முழுக் கதையையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே போய் என் கோப்பைக் கொண்டுவந்தாள்.

கோப்பு நாடாவால் கட்டியிருந்தது. நான் கொடுத்த அன்று பார்த்த அதே முடிச்சு. அவள் நகத்தால் கிண்டித்தான் அதை அவிழ்க்க முடிந்தது. உள்ளே செல்வமலரின் படமும் தனுசியாவின் படமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

"இதை இதுவரைக்கும் ஒருதரும் திறக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

அவளுடைய முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இது போன மாதம்தான் கைக்கு வந்தது" என்றாள் மெதுவாக. "அதுக்கு முதல் தமிழரின்ரை கோப்புகளைத் திறக்க வேண்டாம் எண்டு மேலிடத்து உத்தரவு இருந்தது."

வழக்கமான என் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கத்த வரவில்லை. "எட்டு வயதுப் பிள்ளை ஒண்டு தெரியாமல் ஒரு நாள் புதைச்சுது, தங்கச்சி. அடுத்த நாளே வகுப்பு முழுக்க வந்து கிண்டித் தந்துது. நீங்கள் தெரிஞ்சுகொண்டு ரெண்டு வருசம் புதைச்சு வைச்சிருக்கிறியள்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்து எழுதி, முத்திரை குத்தி, பற்றுச்சீட்டை இரண்டு கையாலும் தந்தாள். பிறகு அந்த விசயம் நாட்டையே உலுப்பிய பெரிய வழக்காகி, பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்த நாடா முடிச்சு மட்டும்தான்.

ஐந்து கிழமையில் அனுமதி வந்தது. ஆடி மாதம் இருவரும் வந்து இறங்கினார்கள். சுவெண் தன் பழைய காரில் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே காத்திருந்தார்.

கதவு திறந்து திறந்து மூடியது. செல்வமலர் வந்தாள். பக்கத்தில் ஒரு கையால் தாயின் சேலையையும் மறு கையால் ஒரு பிளாஸ்டிக் பையையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. ஐந்து வயதுக்குக் கிட்ட. மகளிடம் முதலில் என்ன சொல்வது என்று நான் நாலு வருடமாக யோசித்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வசனங்கள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள். எந்தக் கூச்சமும் இல்லாமல் மகள் சொன்னாள்:

"அப்பா, எனக்கு மூத்திரம் வருது."

செல்வமலர் சிரிக்கவும் அழவும் தொடங்கினாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, டேனிஷில் வழி கேட்டுக் கேட்டு ஓடினேன். அவள் உள்ளே போனாள். கதவைப் பூட்ட வேண்டாம், நான் வெளியில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன்.

"அப்பா, நிக்கிறியளோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிக்கிறன்."

உள்ளே பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"இப்பவும் நிக்கிறியளோ?"

"ஓம், நிக்கிறன்."

"போயிடாதேங்கோ."

"இல்லை, பிள்ளை. போகமாட்டன்."

அப்படி எத்தனை தரம் கேட்டாள் என்று எண்ணவில்லை. கேட்ட ஒவ்வொரு தரமும், கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமாகப் பதில் சொன்னேன்.